தையல் இல்லாத தலை

சீப்பைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு அவள் கணவரின் தலைமுடியை இடப்பக்கமாக வகிடெடுத்து வாரிக்கொண்டிருந்தாள். இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அந்த வகிடு ஒரு நாளும் நேராக நின்றதில்லை. கழுவுதொட்டிக்கு அடியிலும் குளியலறை மூலையிலும் தலையைக் கொடுத்து வேலை பார்க்கிற மனிதருக்கு வகிடு எங்கே நிற்கும். இன்றைக்குச் சொன்னபடி கேட்டது. அவளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சீப்பின் முனையால் முன்முடியைக் கொஞ்சம் கலைத்துவிட்டாள்.

"ஒரு தையல்கூட இல்ல," என்றான் அவள் தலைக்கு மேலிருந்து கொழுந்தன்.

காலையிலிருந்து கட்டிலின் தலைமாட்டை விட்டு நகராமல் நின்றுகொண்டிருந்தான். யார் நாற்காலி கொடுத்தாலும் உட்காரவில்லை.

"மூளையில ஆபரேஷன்னாங்க. ஒரு கீறலாவது வேண்டாமா? புதுசா வாங்கின பாத்திரம் மாதிரி இருக்கு எங்க அண்ணன் தலை."

கூடத்தில் வாடகை நாற்காலிகளில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது நைசாக நிமிர்ந்து இறந்தவரின் தலையைப் பார்த்தார்கள்.

"தொடைகிட்ட இருக்கு," என்றாள் அவள், சீப்பைக் கீழே வைக்காமல். "ஒரு புள்ளி. கொசு கடிச்ச அளவு. பாக்கணும்னா எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுக் காட்டறேன்."

அவன் வாயை மூடிக்கொண்டான். மூடின வாய்க்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது தாடை அசைவிலேயே தெரிந்தது. வண்டி மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

அண்ணனும் தம்பியும் குழாய் வேலைக்காரர்கள். கடைவீதியின் கோடியில் ஷட்டர் போட்ட ஒரு அறை, அதில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு ஃபோன், ஃபோனுக்குப் பின்னால் அவள். எங்கே கசிந்தாலும் எங்கே அடைத்தாலும் மணி அவளிடம்தான் அடிக்கும். எந்த வீட்டுக்கு யாரை அனுப்புவது என்பது அவள் முடிவு. ஒரு துண்டுச் சீட்டில் விலாசத்தையும் நேரத்தையும் எழுதி நீட்டுவாள். அதில் அண்ணனும் மறுபேச்சுப் பேச மாட்டார், தம்பியும் பேச மாட்டான். ஏனென்றால் இருவருக்கும் தொழில் ஒன்றானாலும் வழி வேறு. அண்ணன் சுவரைத் தொட மாட்டார். நீளமான சுருள்கம்பியைக் குழாய்க்குள் விட்டு, காதைச் சுவரில் ஒட்டிவைத்து, விரல் நுனியாலேயே உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். தம்பிக்கு அந்தப் பொறுமை கிடையாது. கண்ணால் பார்க்காத எதையும் நம்ப மாட்டான். டைல்ஸைப் பெயர்த்து, சுவரை உடைத்து, கெட்டுப்போன துண்டை அறுத்தெறிந்து, புதுசு போட்டுப் பூசிவிட்டு வருவான். வாடிக்கையாளர்கள் அண்ணனுக்குக் 'கம்பி' என்றும் தம்பிக்குச் 'சுத்தியல்' என்றும் பெயர் வைத்திருந்தார்கள். கம்பி போன வீட்டில் சுவர் பிழைக்கும், ஆனால் இரண்டு வருடத்தில் மறுபடி கூப்பிடுவார்கள். சுத்தியல் போன வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியாது, ஆனால் அதோடு அங்கிருந்து ஃபோனே வராது. இரண்டுக்கும் ஊரில் தேவை இருந்தது.

அவளுக்கென்று மூன்று கேள்விகள் இருந்தன. எப்பருந்து? எங்க ஈரமாகுது? இதுக்கு முன்னாடி வந்து, தானா நின்னிருக்கா? மூன்றாவதுதான் முக்கியம். "ரெண்டு நாள் முன்னாடி கொஞ்சம் கசிஞ்சது, அப்புறம் தானா நின்னுடுச்சுங்க" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் அன்றைக்கே ஆளை அனுப்பிவிடுவாள். தானாக நிற்கிற கசிவை அவள் நம்பியதே இல்லை.

அவர் விழுந்தது ஒரு வெள்ளிக்கிழமை பகலில். கழுவுதொட்டிக்கு அடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று அந்த வீட்டுக்காரர் ஃபோன் செய்தார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "வால்வை மூடாம வந்துட்டேன்," என்றார். பிறகு கண் செருகிவிட்டது.

டாக்டரம்மாவுக்கும் அவள் வயதுதான் இருக்கும். நின்றபடியே பேசாமல், எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதிலேயே விஷயம் பெரிசு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஒண்ணு ரெண்டாப் பிரியற இடத்துல, சுவர் மெலிஞ்சு வெளிப்பக்கமா புடைச்சிருக்கு. அது வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. இப்போதைக்கு நின்னிருக்கு. மறுபடி வெடிக்கறதுக்குள்ள நாம அடைக்கணும்," என்றார். பிறகு காகிதத்தைப் புரட்டியபடி கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது திடீர்னு பெரிய தலைவலி வந்து, தானா நின்னுச்சா?"

அவளுக்குக் கடை ஸ்டூல் ஞாபகம் வந்தது. முந்தின வாரம் வியாழக்கிழமை மத்தியானம் அவர் கடைக்குள் வந்து, யாரோ பின்னாலிருந்து கட்டையால் அடித்த மாதிரி தலை வலிக்கிறது என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் காதில் ஃபோன் இருந்தது. இடது கையாலேயே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அரைமணி நேரம் கழித்து "இப்ப பரவால்ல" என்றார். "பரவால்லன்னா கிளம்புங்க, ரெண்டு வீடு பாக்கி" என்று சீட்டை நீட்டினாள். ஊரில் யார் வீட்டுக் குழாயோ கசிந்தால் மூன்று கேள்வி கேட்கிறவள், எதிரில் உட்கார்ந்திருந்த ஆளிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"வந்துச்சு," என்றாள். "போன வியாழக்கிழமை. நின்னுடுச்சு."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடைக்க இரண்டு வழி இருப்பதாகச் சொன்னார். ஒன்று, தொடை இடுக்கில் ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே தலைமுடி மாதிரி ஒரு குழாயை மூளைவரை கொண்டுபோய், அந்தப் புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பியைச் சுருள் சுருளாக நிரப்புவது. இன்னொன்று, மண்டையோட்டில் ஒரு ஜன்னல் அளவுக்குத் திறந்து, கண்ணால் பார்த்து, புடைப்பின் கழுத்தில் ஒரு சின்ன கிளிப்பை மாட்டிவிடுவது. அவள் சிரித்துவிட்டாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அதிர்ச்சியில் சிரிக்கிறவர்களை அவர் பார்த்திருக்க வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை.

"எது நல்லது?"

"இவருக்கு ரெண்டுமே முடியும். ரத்தம் கசிஞ்ச மூளை வீங்கிப்போய் இருக்கு, அதைத் தொடாம வேலை முடிஞ்சா நல்லது. புடைப்போட வாய் குறுகலா இருக்கறதால கம்பி உள்ள நிக்கும். முதல் ஒரு வருஷத்தை வெச்சுப் பாத்தா, கம்பி போட்டவங்க கொஞ்சம் அதிகம் பேர் எழுந்து நடமாடறாங்க. ஆனா கம்பி நாளடைவுல அமுங்கலாம். அப்பப்ப வந்து பாத்துக்கிட்டே இருக்கணும், சில சமயம் மறுபடி நிரப்பணும். கிளிப் போடறது பெரிய ஆபரேஷன், தாண்டிட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சது. நான் கம்பி பக்கம் சாயறேன். முடிவு உங்களோடது."

"இவர் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

கொழுந்தன் அன்றைக்கு ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சுவரை உடைத்துக்கொண்டிருந்தான். அங்கே சிக்னல் இல்லை. அனுப்பியவள் அவள்தான், அதனால் அவளுக்குத் தெரியும். ஏழு தடவை அடித்துப் பார்த்தாள். எட்டாவது தடவை அடிக்காமல் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். டாக்டரம்மா சொன்ன காரணங்கள் எல்லாம் அவளுக்குப் புரிந்தன. ஆனாலும் உள்ளுக்குள் இருந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். ஆயுசு முழுக்க யார் வீட்டுச் சுவரையும் உடைக்காத மனிதர், தன் சுவரை உடைக்க ஒப்புவாரா என்று யோசித்தாள்.

இரண்டாம் நாள் நன்றாகப் பேசினார். ஆஸ்பத்திரிக் குழாயின் வாஷர் போய்விட்டதென்று நர்ஸிடம் குறைபட்டுக்கொண்டார். "உள்ள கம்பி விட்டாங்களாமே, என்ன நம்பர் கம்பின்னு கேட்டியா?" என்று அவளைச் சீண்டினார். ஐந்தாம் நாள் பேச்சுக் குழறியது. கசிந்த ரத்தம் பட்ட குழாய்கள் சுருங்குகின்றன என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், என்னென்னவோ செய்து பார்த்தார்கள். எட்டாம் நாள் காலை பத்தரை மணிக்குப் போய்விட்டார்.

அந்த ஸ்டூலிலேயே டாக்டரம்மா மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"திறந்திருந்தா?" என்று கேட்டாள்.

"இந்தச் சுருக்கம் ரத்தம் கசிஞ்சதால வர்றது. கம்பி போட்டவங்களுக்கும் வருது, கிளிப் போட்டவங்களுக்கும் வருது. நாங்க வெச்ச கம்பி வெச்ச இடத்துல அப்படியே இருக்கு. திறந்திருந்தா பிழைச்சிருப்பார்னு என்னால சொல்ல முடியாது. மாட்டார்னும் சொல்ல முடியாது."

சொல்ல முடியாததைச் சொல்ல முடியாது என்று சொன்னதற்காக அவளுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போனது.

"அவரோட அப்பா அம்மா இருக்காங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மாமனார் லாரியில அடிபட்டுப் போனார். மாமியார் நான் கல்யாணமாகி வர்றதுக்கு முந்தின வருஷமே போயிட்டாங்க. நாப்பத்தொம்பது வயசு. துணி உலர்த்திட்டு இருந்தவங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்களாம். நெஞ்சுவலின்னு சொல்லுவாங்க."

டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "கூடப் பிறந்தவங்க?"

"ஒரு தம்பி."

"அவரை ஒரு ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வாங்க. சீக்கிரமா. இது சில குடும்பங்கள்ல ஓடும்."

அது நேற்று. இப்போது சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்தை விட்டு எழுந்து, கண்ணாலேயே கொழுந்தனைச் சமையலறைக்கு வரச் சொன்னாள். அங்கே அவன் மனைவி, அவளுடைய ஓரகத்தி, வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

"வண்டி வர்றதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"நானும் சொல்லணும் அண்ணி. நாலு நாளா அடக்கிட்டு இருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா திறந்து பாருங்கன்னு சொல்லியிருப்பேன். கண்ணால பாக்காம எந்த வேலையும் உருப்படாது. இது அண்ணனுக்கே தெரியும், சும்மா பிடிவாதத்துக்குக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினார். நீங்களும் அவர் பேச்சையே பிடிச்சுக்கிட்டு, உள்ளயே கம்பியை விட்டு, இப்ப பாருங்க." அவன் குரல் உடைந்தது. "உசுர் போற விஷயத்துல நீங்களா ஒரு முடிவு எடுத்துட்டீங்க."

"ஆமா. எடுத்தேன்."

அவன் எதிர்பார்த்தது அழுகையை. அவன் சுவரைப் பார்த்தான்.

"டாக்டர் சொன்னாங்க, உன்னையும் ஸ்கேன் எடுத்துப் பாக்கணுமாம். உங்க அம்மாவுக்கும் இதேதான் இருந்திருக்கும்னு சந்தேகப்படறாங்க."

"எங்கம்மாவுக்கு நெஞ்சுவலி."

"அப்படின்னு யாரு சொன்னது?"

"எல்லாருந்தான் சொன்னாங்க. என் தலையைப் பத்தி உங்களுக்கு என்ன அண்ணி? ஒரு தலையைப் பாத்துக்கிட்டது போதாதா?"

ஓரகத்தி குழாயை மூடினாள். அந்தக் கேள்வி அவளுக்கு வலித்தது. பதினாறு வயதுப் பையனாக இவன் இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். பிள்ளை பிறக்காத வீட்டில் இவனுடைய பரீட்சைக்கும், காய்ச்சலுக்கும், கல்யாணத்துக்கும் அலைந்தவள் அவள். அந்த வலியை வைத்துக்கொண்டு அழ நேரமில்லை என்று தீர்மானித்தாள்.

"போதல," என்றாள். "அதனாலதான் உன் தலையைக் கேக்கறேன்."

அவன் கூடத்துக்குப் போய்விட்டான். அவன் பின்னாலேயே போகப்போன ஓரகத்தி ஈரக் கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, நான் சொன்னா கேக்க மாட்டாங்க. நீங்க விட்டுடாதீங்க," என்றாள். மூன்று மணிக்குச் சொன்னபடி வண்டி வந்தது. முன்பக்கத்தைத் தூக்கியவன் கொழுந்தன்தான். வாசற்படியில் தலைப்பக்கம் இடிக்காமல் இருக்க உள்ளங்கையை நிலைக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு வெளியே கொண்டுபோனான்.

ஆறாம் நாள் அவள் கடையைத் திறந்தாள். இன்னும் பத்து நாளாவது வீட்டில் இருக்கக் கூடாதா என்று கடைவீதியில் இரண்டு மூன்று பேர் காதுபடவே பேசினார்கள். ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் உள்ளே மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. துக்கத்துக்கு லீவு விடுகிற குழாய் எங்கேயும் கிடையாது.

எட்டரை மணிக்குக் கொழுந்தன் வந்தான். முகம் கொடுக்காமல் சீட்டுக்குக் கையை நீட்டினான். அவள் எழுதி நீட்டினாள். அவன் படித்தான்.

"இது ஸ்கேன் எடுக்கிற இடம்."

"பதினோரு மணிக்கு. பேர் கொடுத்திருக்கேன்."

"வேலை எங்க?"

"இன்னிக்கு உனக்கு ஒரே ஒரு விலாசந்தான்."

சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றான். அவள் அடுத்த ஃபோனை எடுத்தாள். மூன்று கேள்வியும் கேட்டாள். "ஆள் இப்ப இல்லைங்க, வந்ததும் அனுப்பறேன்" என்று வைத்தாள். இப்படியே சாயங்காலம்வரை போயிற்று. மறுநாளும் அதே விலாசம், அதே பதினோரு மணி. அவன் தானாக ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். அந்த வீட்டம்மாள் நல்ல மனசோடு, "கடையில கேட்டீங்களா? அவங்க அனுப்பினாதானே சரி," என்று சொல்லி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். இருபத்து நான்கு வருடமாக அவள் பழக்கி வைத்த ஊர் அது. மூன்றாம் நாள் நோட்டில் பதினேழு வீடு சேர்ந்திருந்தது. ஒரு வீட்டில் கூரையே ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் ஃபோனில் கத்தின கத்தலைப் பொறுமையாகக் கேட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

நான்காம் நாள் அவன் சீட்டை வாங்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"கடையை மூடற மாதிரி பண்ணிட்டு இருக்கீங்க அண்ணி."

"மூடினா மூடட்டும்."

"எனக்கு ஒரு வலியும் இல்ல. இல்லாததை எதுக்குத் தேடணும்? தேடினா எதையாவது கண்டுபிடிப்பான்."

"அது சரி. ஊர்ல எல்லார் வீட்டுச் சுவரையும் உடைச்சுப் பாக்கறவன், உன் சுவரை மட்டும் பாக்க மாட்டேங்கற."

மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அவள் மணியை எடுக்காமல் விட்டு அவன் பார்த்ததே இல்லை. அது அடித்து ஓய்ந்தது.

"கேட்டுக்க," என்றாள். "கம்பியா சுத்தியலான்னு நான் எடுத்த முடிவுக்கு நான் அழல. நீ எவ்வளவு வேணா பேசு, அதுக்கு நான் அழப்போறதும் இல்ல. விழறதுக்கு எட்டு நாள் முன்னாடி உங்கண்ணன் இதே ஸ்டூல்ல உட்கார்ந்து தலை வலிக்குதுன்னார். அப்புறம் நின்னுடுச்சுன்னார். நான் மாத்திரையைக் கொடுத்து வேலைக்கு அனுப்பிட்டேன். அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா வெடிக்கறதுக்கு முன்னாடி அடைச்சிருப்பாங்க. கம்பியோ கிளிப்போ, எதைப் போட்டிருந்தாலும் இன்னிக்கு இங்க உட்கார்ந்திருப்பார். அதுக்குத்தான் அழறேன். ராத்திரி பகலா அதுக்குத்தான் அழறேன். இன்னொரு தடவை கேக்காம இருக்க என்னால முடியாது."

அவன் தன் கை விரல்களைப் பார்த்தான். நகக்கண்களில் சிமென்ட் வெளுத்திருந்தது.

"அம்மாவும் முந்தின நாள் தலைவலின்னாங்க," என்றான். "நான்தான் கடைக்குப் போய் மாத்திரை வாங்கிட்டு வந்து கொடுத்தேன். குடிச்சதும் சரியாப் போச்சுன்னாங்க. நான் விளையாடப் போயிட்டேன்."

இருபத்தைந்து வருடத்தில் இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. நெஞ்சுவலி என்று ஊர் சொன்னதை ஏன் இப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள். அவளிடம் யாரும் சொல்லாத ஆறுதல், அவளிடமும் கைவசம் இல்லை.

"பதினோரு மணிக்குத்தானே," என்று அவனே எழுந்தான்.

ஸ்கேன் அறை வாசலில் உடம்பில் இரும்பு எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். சாவிக்கொத்து, கைக்கடிகாரம், சட்டைப்பையில் மறந்துபோய்க் கிடந்த இரண்டு ஸ்க்ரூ, அளவு டேப், கடைசியில் இடுப்பு பெல்ட் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். ஆறடி ஆள், அந்தக் கதவுக்குள் போகும்போது சின்னதாகத் தெரிந்தான். அரைமணி நேரம் உள்ளேயிருந்து டமடமவென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"உள்ள எனக்குப் போட்டியா ஒருத்தன் உடைச்சுக்கிட்டு இருக்கான்," என்றான் வெளியே வந்து. அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. டாக்டரம்மா உடனே வரச் சொல்வதாக நர்ஸ் வந்து சொன்னாள். உடனே என்றதும் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

டாக்டரம்மா திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தார். வெள்ளை வேர்கள் மாதிரி ரத்தக்குழாய்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கிளை பிரியும் இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு மொட்டு இருந்தது.

"ஏழு மில்லிமீட்டர். வெடிக்கல. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க," என்றார். "ஒண்ணும் பண்ணாம வருஷா வருஷம் பாத்துக்கிட்டு வர்றதும் ஒரு வழிதான். சின்னதா இருந்தா அதைச் சொல்லியிருப்பேன். இந்த அளவுக்கு, வீட்ல ரெண்டு பேரு போயிருக்கறப்ப, நான் அதைச் சொல்ல மாட்டேன். அடைச்சிடணும். உங்க அண்ணனுக்கு இருந்தது வேற இடம், வாய் குறுகல். இதுக்கு வாய் அகலமா இருக்கு. கம்பி வெச்சா வழுக்கி வெளிய வரப் பாக்கும். கம்பி தாங்கறதுக்கு வலை மாதிரி ஒண்ணு வெக்கலாம், ஆனா அதுக்கப்புறம் ரத்தம் உறையாத மாத்திரை மாசக்கணக்கா சாப்பிடணும். இருக்கற இடமும் மண்டையோட்டுக்குக் கிட்ட, கை எட்டற தூரம். ரத்தம் கசியாத மூளை, வீக்கமும் இல்ல. இதுக்கு நான் திறந்து கிளிப் போடற பக்கம் சாயறேன்."

அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரைக்குக் கிட்டே குனிந்தான்.

"திறக்கறதுன்னா, மண்டையையா?"

"ஆமா. காதுக்கு முன்னாடி, இந்த அளவுக்கு." டாக்டரம்மா தன் நெற்றிப்பொட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"அந்தக் கம்பி வழியிலயே முடியாதா டாக்டர்? எங்க அண்ணனுக்குப் பண்ணீங்களே. தலையில ஒண்ணுமே தெரியல. தொடையில சும்மா ஒரு புள்ளிதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. அவளுக்குச் சொல்வதற்கு எத்தனையோ இருந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவன் பேசினதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு மறக்கவில்லை. இந்த ஒரு நிமிடத்தில் அதையெல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருக்கலாம், அவனும் வாங்கிக்கொண்டிருப்பான்.

"அண்ணி," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "நீங்க சொல்லுங்க. எது?"

அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டாக்டர், ரெண்டையும் முதல்லருந்து சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க. எதுல என்ன ஆகலாம், எத்தனை நாள் படுக்கணும், எல்லாத்தையும். இவன் ஒவ்வொண்ணாக் கேட்டுக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

டாக்டரம்மா தலையசைத்துவிட்டு ஆரம்பித்தார். அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள். அவன் பெல்ட்டைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் வெளுத்துப்போய், பக்கிள் பதிந்த இடம் உள்ளங்கையில் குழிந்து கிடந்தது. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எடுத்து, சத்தமில்லாமல் அவன் மடியில் வைத்தாள். அவன் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தான்.